பழைய ஸ்பூல் டேப்புகளும் சரியான வேகமும்

(வடமாலபேட்டையில் நடந்த நம் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எழுபது வயதைத் தாண்டிய ஒரு ரிடையர்ட் ஆசாமி மைக்கைப் பிடித்தால் பென்ஷன் பற்றியோ முழங்கால் வலி பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். இன்று இரண்டையும் விட்டுவிடுகிறேன். அந்நாளில் பௌதிகம் படித்து பி.எஸ்ஸி. பட்டம் வாங்கியவன் நான். அதற்குப் பிறகு ஆபீஸில் ஃபைல்களைத்தான் படித்தேன். படித்த பௌதிகம் உத்தியோகத்தில் பெரிதாகப் பயன்படவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நம்மில் பலர் அகத்தில் பரண்மேல் ஏதாவது ஒரு டிரங்குப் பெட்டிக்குள் வட்டமான அட்டைப் பெட்டிகள் சில கிடக்கும். உள்ளே பழுப்பு நிற நாடா சுற்றிய ஸ்பூல். உபநயனம், கல்யாணம், ராதா கல்யாண பஜனை, பாட்டி பாடிய லாலி, தாத்தாவின் பாராயணம் என்று ஏதாவது அதில் இருக்கும். என்ன இருக்கிறது என்று தெரியாமலே பழைய பேப்பர்காரனிடம் போட்டவர்களும் உண்டு. போட்டுக் கேட்கலாம் என்று யாரிடமாவது கொடுத்து, வந்த ஒலியைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. இரண்டாவது வகையினருக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது, தவறு பெரும்பாலும் டேப்பில் இல்லை, அதை ஓட்டிய வேகத்தில் இருக்கிறது என்பதே.

செப்பேடு காத்ததும் காக்காததும்

இங்கிருந்து திருப்பதி கூப்பிடு தூரம். அன்னமாசார்யரின் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, திருமலைக் கோவிலின் ஓர் அறையில் பல நூற்றாண்டுகள் கிடந்து, 1922-ல் வெளியே வந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் காலம் 1408 முதல் 1503 வரை. செப்பேட்டில் ஸாஹித்யம் இருந்தது, ராகத்தின் பெயர் இருந்தது. எப்படிப் பாடினார் என்பது இல்லை. ஆகவேதான் இருபதாம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற மகா வித்வான்கள் மெட்டமைக்க வேண்டி வந்தது. இன்று நாம் கேட்டு உருகும் மெட்டுகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். செம்பு எழுத்தைக் காத்தது, குரலைக் காக்க அதற்குச் சக்தி இல்லை.

நம் பரணில் கிடக்கும் நாடாவின் கதை நேர் எதிர். அதில் குரலே இருக்கிறது. ஆனால் செம்பின் ஆயுள் அதற்கு இல்லை. படிக்கக் கண் மட்டும் போதாது, ஒரு மெஷினும் வேண்டும். அந்த மெஷினும் சரியான வேகத்தில் ஓட வேண்டும்.

வேகம் என்றால் என்ன?

காந்த நாடாவில் பதியும் கலை ஜெர்மனியில் பிறந்தது. 1928-ல் ஃப்ரிட்ஸ் ப்ளாய்மர் என்பவர் இரும்புத் துகள் பூசிய காகித நாடாவுக்கு உரிமை பெற்றார். 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மாக்னெட்டோஃபோன்' என்ற மெஷின் வந்தது. யுத்தம் முடிந்ததும் அது அமெரிக்கா போய், அங்கிருந்து உலகெங்கும் பரவியது. வானொலி நிலையங்களில் நாடா விநாடிக்கு 15 அங்குலம் அல்லது 7½ அங்குலம் ஓடும். வீட்டு மெஷின்களில் 7½, 3¾, 1⅞ என்று பாதி பாதியாக இறங்கும். இவைதான் அங்கீகரிக்கப்பட்ட வேகங்கள்.

வேகம் கூடினால் ஒலி தெளிவாக இருக்கும், நாடா சீக்கிரம் தீரும். 7 அங்குல ஸ்பூலில் 1800 அடி நாடா சுற்றியிருந்தால், 7½ வேகத்தில் ஒரு பக்கம் 48 நிமிஷம்தான் வரும். 3¾-ல் 96 நிமிஷம். 1⅞-ல் மூன்று மணிக்கு மேல். இறக்குமதி நாடா தங்கம் மாதிரி விற்ற காலத்தில் நம் பெரியவர்கள் எந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சிக்கனம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் தம் அறையில் ரகசியமாக வைத்திருந்த மெஷின்கள் விநாடிக்கு 15/16 அங்குல வேகத்தில், மிக மெல்லிய நாடாவில் பதிந்தன. அந்தப் பேச்சுகளைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சியாளர்கள் இன்றும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

பதிந்த வேகத்திலேயே ஓட்டினால் குரல் குரலாக வரும். இரட்டிப்பு வேகத்தில் ஓட்டினால் ஸ்ருதி ஒரு ஸ்தாயி மேலே போகும். அந்தத் தவறு குழந்தைக்கும் தெரிந்துவிடும். ஆபத்து நடுவில் இருக்கிற வேகங்களில்தான் இருக்கிறது. மூன்று சதவிகிதம், பத்து சதவிகிதம், இருபது சதவிகிதம் என்று மாறினால், கேட்பவர் 'இவர் குரலே இப்படித்தான் போலிருக்கிறது' என்று நம்பிவிடுவார்.

பெரியப்பாவின் ஸுந்தரகாண்டம்

எங்கள் குடும்பத்தில் நடந்தது இதுதான். என் பெரியப்பா இந்தப் பக்கத்தில் பள்ளி ஹெட்மாஸ்டராக இருந்தவர். விடியற்காலையில் ஸ்நானம் செய்துவிட்டு ஸுந்தரகாண்டத்தில் ஒரு ஸர்க்கமாவது வாசிக்காமல் காபி சாப்பிட மாட்டார். கனமான குரல். தெருக்கோடியில் வரும்போதே கேட்கும். 1967-ல் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய உறவினர் ஒருவர் ஒரு டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். பெரியப்பா 68 ஸர்க்கங்களையும் அதில் பதிந்து வைத்தார். நடுநடுவே பஜனைகளும் பதிந்திருக்கிறார்.

அவர் காலமாகி வெகு காலம் ஆன பிறகு, 2005-ல் குடும்பத்தில் ஒருவர் அந்த டேப்புகளை ஒரு நகரத்துக் கடையில் கொடுத்து ஸி.டி. போட்டு வாங்கினார். சென்னை, பம்பாய், பெங்களூர் என்று எல்லோருக்கும் ஒரு செட் போயிற்று. போட்டுக் கேட்டால் யாரோ ஒரு மெல்லிய குரல்காரர் ஓட்டமும் நடையுமாக ஸ்லோகம் சொல்கிறார்! பேரன்மார்கள், 'தாத்தா ஸ்பீடா சொல்லுவாராமே' என்று அதையே தாத்தாவின் குரலாக ஏற்றுக்கொண்டார்கள். அவரைப் பார்த்திராத குழந்தைகளுக்கு வேறு என்ன ஆதாரம் இருக்கிறது? ஒருவன் அதைக் கேட்டு அதே ஓட்டத்தில் பாராயணம் செய்யவும் பழகிவிட்டான். நான் மேலே விசாரிக்கத் தீர்மானித்தது அதைக் கேட்ட பிறகுதான்.

நம் சாஸ்திரத்தில் ஒன்றை நிச்சயிக்கப் பிரமாணம் கேட்பார்கள். பிரத்யட்சம், அனுமானம், சப்தம் என்ற மூன்றும் இந்த வழக்கில் கிடைத்தன.

முதலில் அனுமானம். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 110 வோல்ட், விநாடிக்கு 60 சுழற்சி. நமக்கு 230 வோல்ட், 50 சுழற்சி. வோல்டேஜைக் குறைக்கப் பெரியப்பா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், சுழற்சியை மாற்றாது. அந்தக் கால டேப் ரிக்கார்டர் மோட்டார்களில் பெரும்பாலானவற்றின் வேகம் சுழற்சியைப் பொறுத்தது. அப்படியானால் 60-க்குச் செய்த மோட்டார் நம் ஊரில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடியிருக்கும். சில மெஷின்களில் இதற்கென்று மாற்றுக் கப்பி கொடுப்பார்கள். இதில் இல்லை.

பெரியப்பாவுக்கு இது தெரியவே நியாயமில்லை. பதிந்த மெஷினிலேயே திருப்பிப் போட்டால் அதுவும் அதே மந்த கதியில்தான் ஓடும், குரல் கச்சிதமாக இருக்கும். வேறு மெஷினில், சரியான 3¾ வேகத்தில் போட்டால்தான் குட்டு வெளிப்படும். ஒரு மணி நேரப் பாராயணம் 50 நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இதை உறுதி செய்ய மின்சாரத்தின் ரீங்காரம் உதவியது. பழைய ஒலிப்பதிவுகளில் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடுமே, அது மின்சாரத்தின் சுழற்சிதான். நம் ஊரில் பதிந்த டேப்பில் அது 50-ஆக இருக்க வேண்டும். ஸி.டி.யில் அதைக் காணோம், கடைக்காரர் 'சுத்தம்' செய்கிறேன் என்று வடிகட்டிவிட்டார். மூல ஸ்பூல்களை வாங்கி, நல்ல மெஷினில் ஓட்டி, எதையும் வடிகட்டாமல் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். படத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. 50-ல் ஒன்று, 60-ல் ஒன்று. 50-ல் இருந்தது இன்று ஓட்டிய மெஷினின் சொந்த ரீங்காரம். 60-ல் இருந்தது டேப்பிலிருந்து வந்தது. அதாவது 1967-ன் 50 சுழற்சி, ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தால் 60 ஆகியிருக்கிறது. கணக்கு பொருந்திவிட்டது.

அடுத்தது பிரத்யட்சம். ஒரு பஜனைப் பதிவில் ஹார்மோனியம் இருந்தது. அந்த ஹார்மோனியம் இன்றும் பெரியப்பாவின் பெண், என் அக்கா, அகத்தில் இருக்கிறது. ஹார்மோனியத்தின் ரீடு லேசில் ஸ்ருதி மாறாது. பஜனையில் அவர்கள் ஒரு கட்டை ஸ்ருதி பிடித்து வாசித்தது அக்காவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸி.டி.யில் அதுவே இரண்டரைக் கட்டைக்குச் சற்று மேலே ஒலித்தது. ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடினால் ஸ்ருதி மூன்று ஸ்வரஸ்தானமும் கொஞ்சமும் ஏற வேண்டும். அப்படியே ஏறியிருந்தது.

மூன்றாவது சப்தப் பிரமாணம், அதாவது ஆப்த வாக்கியம். கம்ப்யூட்டரில் வேகத்தை ஆறில் ஐந்தாகக் குறைத்துப் புதிய பிரதி எடுத்து அக்காவிடம் கொண்டுபோய்ப் போட்டேன். அக்காவுக்கு 84 வயது. இரண்டு ஸ்லோகம் போவதற்குள் சொன்னாள்: "இதுதான்டா அப்பா! இத்தனை வருஷமா யாரையோ போட்டுக் காமிச்சிண்டிருந்தேளே!" அதற்குமேல் வழக்கில் வாதம் இல்லை.

பேரன்மார்களுக்கும் புதிய பிரதி போயிருக்கிறது. ஓட்டமாகப் பழகியவன் இப்போது நிதானித்துச் சொல்கிறான். ஒரு மனுஷரின் குரலையும் அவர் நிதானத்தையும் ஒரு மோட்டார் மாற்றிவிட, அதுவே குடும்ப வழக்கமாக ஆக இருந்தது. வேத அத்யயனப் பதிவுகளில் இது நேர்ந்தால் இன்னும் விசேஷமாகக் கவலைப்பட வேண்டும். அங்கே மாத்திரைதானே உயிர்!

வேகமே நிலையாக இல்லாத டேப்புகள்

இதைவிடச் சிரமமான ஜாதி ஒன்று உண்டு. 1960-களில் ஜப்பானிலிருந்து கையடக்கமான பாட்டரி ரிக்கார்டர்கள் வந்தன, 3 அங்குல ஸ்பூலோடு. நல்ல மெஷினில் காப்ஸ்டன் என்ற எஃகுத் தண்டும் ஒரு ரப்பர் உருளையும் நாடாவைப் பிடித்து ஒரே சீராக இழுக்கும். மலிவான சிறு மெஷின்களில் அது கிடையாது. வாங்கிக்கொள்ளும் ஸ்பூலையே மோட்டார் சுற்றும். சுற்றச் சுற்ற ஸ்பூல் பருக்கும். பருத்தால் ஒரு சுற்றுக்கு இழுபடும் நாடாவின் நீளம் கூடும். ஆகவே பதிவு மெதுவாகத் தொடங்கி வேகமாக முடியும். அதை நல்ல மெஷினில் ஒரே வேகத்தில் ஓட்டினால், ஆரம்பத்தில் அணில் குரல், நடுவில் மனுஷக் குரல், முடிவில் கும்பகர்ணன் குரல்!

எங்கள் பெட்டியில் அப்படி மூன்று சின்ன ஸ்பூல்கள் இருந்தன. பாட்டி பாடிய ஊஞ்சல் பாட்டுகளும், கல்யாணத்தில் பாடும் கேலிப் பாட்டுகளும். பாட்டிக்கு ஸ்ருதிப் பெட்டி ஏது? பாட்டரி மெஷின் ஆதலால் மின்சார ரீங்காரமும் கிடையாது. பிறகு ஹெட்ஃபோன் வைத்துப் பல தடவை கேட்டபோது, பாட்டுக்குப் பின்னால் 'டிக், டிக்' என்று கூடத்துச் சுவர்க் கடிகாரம் கேட்டது. ஊசல் கடிகாரம் பாட்டுக்காக வேகத்தை மாற்றாது. அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது, நிமிஷத்துக்கு 100 டிக். டேப்பின் தொடக்கத்தில் நிமிஷத்துக்கு 140 கேட்டது, முடிவில் 70. இடையிடையே பத்து இடங்களில் எண்ணிக் குறித்துக்கொண்டேன். ஆடாஸிட்டி என்ற இலவச ஸாஃப்ட்வேரில் வேகத்தைப் படிப்படியாக மாற்ற ஒரு கோடு வரையும் வசதி இருக்கிறது. கடிகாரம் தொடக்கம் முதல் முடிவு வரை 100-ஆக அடிக்கும்படி அந்தக் கோட்டை வளைத்தேன். பாட்டியும் சரியாகிவிட்டாள். எங்கள் பாட்டியின் தமிழில் பாதி தெலுங்கு கலந்திருக்கும், இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கே உரிய பேச்சு. அது இன்று எங்கள் குழந்தைகள் யார் வாயிலும் இல்லை. அந்த மூன்று ஸ்பூலில் இருக்கிறது.

கடிகாரம், கோவில் மணி, ஹார்மோனியம், ரேடியோவில் வரும் நேர அறிவிப்பு, ஒலிபெருக்கியின் இரைச்சல் என்று பின்னால் கேட்கும் எதுவும் சாட்சியாகலாம். ஆகவேதான், மூலப் பிரதியில் எந்த இரைச்சலையும் நீக்காதீர்கள் என்கிறேன்.

விஞ்ஞானம் படிக்கும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரீங்காரம் எப்போதும் உண்மை சொல்லும் என்று எண்ண வேண்டாம். மின்தட்டுப்பாடு மிகுந்த காலங்களில் நம் மின்தொகுப்பில் சுழற்சி 50-க்குக் கீழே, 48.5 வரைகூட இறங்கியதுண்டு. அப்போது மெஷினும் மூன்று சதவிகிதம் மெதுவாக ஓடும், ரீங்காரமும் அதே அளவு இறங்கும். இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் இரண்டும் சேர்ந்து ஏறி, ரீங்காரம் 50 என்றே காட்டும். ஸ்ருதி மட்டும் அரை ஸ்வரஸ்தானம் ஏறியிருக்கும். குற்றவாளியே சாட்சி சொல்வது போல! அங்கே ஹார்மோனியத்தையோ கடிகாரத்தையோதான் கேட்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருப்பதால் சில யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. பழைய மெஷினை எடுத்தவுடன் பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே கண்டென்ஸர்கள் கெட்டிருக்கும், ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும். தெரிந்தவரிடம் காட்டிவிட்டு ஓட்டுங்கள். கெட்ட மெஷின் நாடாவை மென்று தின்றுவிடும்.

2. ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுற்றிய நாடாவின் ஊடே வெளிச்சம் கசிந்தால் அது அஸிடேட் நாடா. சுலபமாக முறியும். காடி வாசனை வந்தால் அழுக ஆரம்பித்துவிட்டது, முதலில் அதைப் பிரதி எடுங்கள். 1970-களின் நடுவிலிருந்து வந்த சில நாடாக்கள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அவற்றை நிதானமான சூட்டில் உலர்த்தும் முறை உண்டு. அது நிபுணர் வேலை, அகத்து அவனில் வேண்டாம். அஸிடேட்டைச் சூடாக்கவே கூடாது.

3. பின்னோக்கிப் பேசும் குரல் கூடவே கேட்டால் பயப்படாதீர்கள், பேய் பிசாசு இல்லை. நான்கு டிராக்கில் பதிந்ததை இரண்டு டிராக் மெஷினில் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். மெஷினை மாற்றுங்கள்.

4. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைலாக ஏற்றுங்கள். சர்வதேச ஒலி ஆவணக் காப்பகச் சங்கத்தின் பரிந்துரை இது. ஸ்டீரியோவில் ஒரு மணிக்கு சுமார் 2 ஜி.பி. ஆகும். இன்று அது பெரிய செலவில்லை. எம்பி3 ஆக்குவது பிறகு பேரன்களுக்கு அனுப்புவதற்கு மட்டும்.

5. முதல் பிரதியில் கை வைக்காதீர்கள். திருத்துவதை இரண்டாவது பிரதியில் செய்து, எவ்வளவு வேகம் மாற்றினீர்கள், எந்த ஆதாரத்தால் என்று கூடவே எழுதி வையுங்கள். ஸாஃப்ட்வேரில் ஸ்ருதியை மட்டும் மாற்றும் வசதியும் காலத்தை மட்டும் மாற்றும் வசதியும் உண்டு. அவை இதற்கு உதவா. இரண்டையும் சேர்த்து மாற்றும் 'ஸ்பீடு' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

6. அட்டைப் பெட்டியில் பெரியவர்கள் எழுதியதைப் போட்டோ எடுத்து வையுங்கள். டிஜிடல் பிரதிகளை மூன்றாக்கி, ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். மூல ஸ்பூலைத் தூக்கி எறியாதீர்கள்.

கெடு

பெரிய நிறுவனங்களே இதில் கோட்டை விட்டிருக்கின்றன. 1969-ல் மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது அங்கிருந்து வந்த மூல ஸிக்னல் பதிந்த நாடாக்களைத் தேடி அலுத்து, அவை பிற்பாடு அழிக்கப்பட்டு மறுபடி உபயோகிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-ல் நாஸா முடிவுக்கு வந்தது. மறுபக்கம், ஃப்ரிட்ஸ் ஸ்டால் என்ற அறிஞர் 1975-ல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் 12 நாள் செய்த அக்னிசயனத்தை ஒலியிலும் படத்திலும் முறையாகப் பதிவு செய்ததால் அது இன்றும் கேட்கக் கிடைக்கிறது.

2019-ல் யுனெஸ்கோ உலகம் முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை விட்டது. காந்த நாடாவை ஓட்டும் மெஷின்களும் உதிரி பாகங்களும் 2025 வாக்கில் கிடைப்பது அரிதாகிவிடும் என்பது நிபுணர்களின் கணிப்பு. அந்தக் கெடு வந்தேவிட்டது. மெஷினைவிட வேகமாக மறைந்துகொண்டிருப்பவர்கள் அதை ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்கள். அவர்களையும்விட அவசரமானது, 'இதுதான் அப்பா குரல்' என்று சொல்லக்கூடிய அக்காமார்களும் அத்தைமார்களும். மெஷினைத் தேடிப் பிடித்து விலைக்கு வாங்கிவிடலாம். அவர்களுக்கு மாற்று கிடையாது.

ஆகவே என் பிரார்த்தனை இதுதான். இந்த விடுமுறையிலேயே பரணில் ஏறிப் பாருங்கள். ஸ்பூல் இருந்தால், அதில் யார் இருக்கிறார்கள் என்று வீட்டில் மூத்தவரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் நல்ல மெஷின் வைத்திருப்பவர், ரிப்பேர் தெரிந்தவர், கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர் என்று மூவரைச் சேர்த்துவிட்டால் அந்த ஊருக்கு அது போதும். பிரதி எடுக்கும்போது மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.